பூங்கோதை பால் காய்ச்சிய வீடு

ஆலை ஓடின காலத்தில் அறுபத்து நாலு குடும்பம், ஆலை நின்ற பிறகு நாற்பத்தோரு குடும்பம், அந்த நாற்பத்தோரு குடும்பத்தில் பதினேழாம் நம்பர் குவார்ட்டர்ஸில் இருந்தவர் தெய்வசிகாமணி, அவர் சம்சாரம் பூங்கோதை. கதை இந்த இரண்டு பேருடையது, நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர் பாடு. சர்க்கரை ஆலையை மூடிவிட்டார்கள், மூடினவர்கள் புரட்டாசி முடிவதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக் கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள், கதவுக்காரர்கள் கிழித்தார்கள், அவர்கள் மறுபடி ஒட்டினார்கள், கிழித்தும் ஒட்டியும் அலுத்துப்போய்க் கடைசியில் எல்லோரும் வீடு தேட ஆரம்பித்தார்கள்.

இருபத்தாறு வருஷம் பாய்லர் பக்கத்தில் நின்றவர் சிகாமணி. சொந்த வீடு என்பது அவருக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை, எங்கே படுத்தாலும் தூக்கம் வருகிற மனுஷன் அவர். ஆசை பூங்கோதையுடையது. ஆணி அடிக்கக் கம்பெனியிடம் கேட்க வேண்டிய சுவரிலேயே வாழ்க்கை போய்விட்டதே என்று அவளுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது, அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் சாமி படத்தைக்கூட இருபத்தாறு வருஷமாக அலமாரித் தட்டில் சாய்த்துத்தான் வைத்திருந்தாள்.

சென்னைப் பக்கம் போய் வீடு பார்ப்பதென்றால் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், போன இடத்தில் சாவி வைத்திருக்கிறவர் வெளியூர் போயிருப்பார். அதனால் குவார்ட்டர்ஸே போனில் வீடு பார்த்தது. வீடு விற்றுத் தருகிற கம்பெனிக்காரர்கள் ஒரு லிங்க் அனுப்புவார்கள், அதைத் தொட்டால் வாசற்கதவு திறக்கும், தரையில் வெள்ளை வட்டங்கள் தெரியும், ஒரு வட்டத்தைத் தொட்டால் ஹாலில் நிற்பீர்கள், அடுத்ததைத் தொட்டால் சமையலறையில் நிற்பீர்கள், விரலால் தள்ளினால் வீடே உங்களைச் சுற்றி வரும். பூங்கோதை அப்படி இருநூறு வீட்டுக்கு மேல் ஏறி இறங்கியிருப்பாள். ஒவ்வொரு லிங்க்கையும் தொடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிடுவாள். "போன் பார்க்கறதுக்கு எதுக்குடி செருப்பைக் கழட்டறே" என்று பக்கத்து வீட்டுச் செங்கமலம் கேட்டால், "அடுத்தவங்க வீடு செங்கமலம், சுத்தமா துடைச்சு வெச்சிருக்காங்க" என்பாள்.

கூடுவாஞ்சேரி வீட்டைப் பார்த்ததும் அப்படி ஒரு நாள்தான். மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, கிழக்கே பார்த்த சமையல் மேடை, பூஜைக்கென்று தனியாக ஒரு மாடம், பால்கனியில் வெயில். ஒவ்வொரு வட்டத்திலும் நின்று பார்த்தாள், சமையலறை வட்டத்தில் கால்மணி நேரம் நின்றாள், பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பாடு போட்டாள். "இதுதாங்க" என்று குழம்பை ஊற்றும்போது சொன்னாள். சிகாமணி மறுநாளே பாங்க்கில் லோனுக்கு எழுதிப் போட்டார். ஆகும் என்றார்கள், வேலை போனவருக்கு ஆகுமா என்றார்கள், ஆடி கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

ஆடி என்றதும் பூங்கோதை காலண்டரைப் பார்த்தாள். ஆனி முடிய நாலு நாள்தான் இருந்தது, ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், அதற்குள் அந்த வீட்டை வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? இதற்குச் செங்கமலம்தான் வழி சொன்னாள். குடி போக முடியாவிட்டாலும் நல்ல நாளில் பாலை மட்டும் காய்ச்சி வைத்துவிட்டு, தோதுப்பட்டபோது சாமான் ஏற்றுவது நம்மிடம் இருக்கிற பழக்கம்தானே, எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்.

"வீடு நம்ம கைக்கு வரலியே" என்றாள் பூங்கோதை.

"போன் உன் கையிலதானே இருக்கு. மனசார காய்ச்சு, அந்த வீடு உன்னை விட்டு எங்கயும் போவாது" என்றாள் செங்கமலம்.

அப்படித்தான் ஆனி இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, ராகு காலம் பிறப்பதற்கு முக்கால் மணி முன்னால், பதினேழாம் நம்பர் சமையலறையில் பத்துப் பெண்கள் கூடினார்கள். போனைத் துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து, அதற்குப் பொட்டு வைத்து, கூடுவாஞ்சேரி வீட்டின் வாசல் தெரிகிற மாதிரி நிறுத்தினார்கள். புது வீட்டுக்கு முதலில் எடுத்துப் போகிற அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள், சாமி படம், காமாட்சி விளக்கு எல்லாம் ஒரு தாம்பாளத்தில் தயாராக இருந்தன. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது, பெண்கள் குலவையிட்டார்கள், பூங்கோதை ஒரு செம்பில் பாலை ஊற்றித் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு திரும்பினாள். போன் ஒரு சாண் உயரம், பூங்கோதை அஞ்சடி உயரம், எப்படிப் போனாள் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை, இப்போதும் கேட்பதில்லை, ஏனென்றால் பத்துப் பேர் கண்ணால் பார்த்தார்கள். வலது காலை எடுத்து வைத்தாள், நிலை தலையில் இடிக்காமல் கொஞ்சம் குனிந்தாள், உள்ளே போய்விட்டாள்.

சிகாமணி கையில் தேங்காயோடு நின்றார். செங்கமலம் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "ஹால்ல நிக்கறாங்க. தேங்காய உடைங்கண்ணே, நேரம் போவுது" என்றாள். அவர் உடைத்தார். மிச்சப் பாலை ஆளுக்கு அரை டம்ளர் குடித்தார்கள், சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று யாரோ சொன்னார்கள், ஆலைக் குவார்ட்டர்ஸில் சர்க்கரை தூக்கலாகத்தான் இருக்கும் என்று வேறு யாரோ சொன்னார்கள். எல்லோரும் பூங்கோதை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள் என்று நினைத்தார்கள். புடவை வாங்கப் போன இடத்திலேயே ரெண்டு மணி நேரம் நிற்கிறவள், வீடு பார்க்க ஒரு மணி நேரமாவது ஆகாதா என்று சிகாமணியும் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று, அவள் வரவில்லை. மாடத்தில் சாமி படத்தை வைத்துவிட்டாள், விளக்கேற்றிவிட்டாள், மேடையைத் துடைத்துவிட்டாள். பிறகு தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்கதவுக்கு உள்பக்கம், வெளியே கிளம்பத் தயாரானவள் மாதிரி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கத்திக் கூப்பிட்டார்கள், அவளுக்குக் கேட்கவில்லை. அந்தப் படத்தில் சத்தம் கிடையாது, உள்ளேயிருந்து வெளியே பார்க்கவும் முடியாது. இவர்கள் அவளைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பூனாவில் வேலை பார்க்கிற மகன் இளம்பரிதிக்குப் போன் போட்டார்கள். அவன் அதே லிங்க்கைத் திறந்து அம்மாவை அங்கேயிருந்தே பார்த்துவிட்டு, "அப்பா, பேஜை ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க" என்றான்.

"பண்ணா?"

"பழசு போயிட்டுப் புதுசா வரும்."

"உங்கம்மா காலையிலயே போனவடா. பழசுல சேர்த்தியா, புதுசுல சேர்த்தியா?"

சிகாமணி அதற்குப் பிறகு அந்தப் போனில் வேறு எதையும் தொடவில்லை, சார்ஜ் இறங்கவும் விடவில்லை, யாராவது கூப்பிட்டால் செங்கமலம் வீட்டுப் போனில்தான் பேசினார்.

அவள் ஏன் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது சிகாமணியே. ஹால் வட்டத்தில் நின்று, அவள் அடிக்கடி அண்ணாந்து பார்க்கிற பக்கமாக மெல்ல விரலைத் தள்ளினார். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், உயரத்தில், பழைய வீட்டுக்காரர் கழற்றாமல் விட்டுப்போன ஒரு கடிகாரமும் அதன் கீழே ஒரு தினசரி காலண்டரும் தொங்கின. காலண்டரில் வெள்ளிக்கிழமை. கடிகாரத்தில் பதினொன்று பத்து. கம்பெனிக்காரர்கள் படம் எடுத்த நேரம் அது.

சிகாமணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது, புரியாமலேயே இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். கல்யாணமான நாளிலிருந்து பூங்கோதை ராகு காலத்தில் வாசல் தாண்டியவள் இல்லை, இளம்பரிதி பிறக்க வலி எடுத்தபோதுகூட ஆஸ்பத்திரி வேனை வாசலில் நிறுத்திவைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நிமிஷம் காத்திருந்தவள் அவள். இங்கே நல்ல நேரத்தில் காலெடுத்து வைத்தாள், அங்கே போய் நின்றது ராகு காலத்துக்கு நடுவில். முடியட்டும், பன்னிரண்டு அடித்ததும் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் பன்னிரண்டு அடிக்கவே அடிக்காது. பால்கனி வெயில் அரை விரற்கடைகூட நகரவில்லை, செம்பில் பால் குறையவில்லை, அரிசி தீரவில்லை, அவளும் இன்னும் ஐம்பது நிமிஷம்தானே என்கிற முகத்தோடு இருந்தாள்.

மனுஷர்களுக்கு எது வந்தாலும் நாலாம் நாள் பழகிவிடுகிறது. மகளிர் குழுக் கூட்டத்தில் போனைப் பாயில் நிறுத்திவைத்துப் பூங்கோதை வருகை என்று எழுதினார்கள். ரேஷன் கடைக்காரர் கைரேகை வேண்டும் என்றார், போனைக் காட்டினதும், "சரி, ஆள் இருக்காங்க, கண்ணால பார்த்தேன், எடுத்துட்டுப் போங்க" என்று பாமாயிலைக் கொடுத்தார். கோயில் குருக்கள் அர்ச்சனையில் அவள் பெயரைச் சொல்லும்போது கூடுவாஞ்சேரி என்று சேர்த்துக்கொண்டார். எதையாவது மறந்துபோனால் பெண்கள் வந்து போனை எட்டிப் பார்த்தார்கள், பூங்கோதை இதை எப்படி மடிக்கிறாள், அதை எப்படித் துலக்குகிறாள் என்று பார்த்துக்கொண்டு போய் அதே மாதிரி செய்தார்கள்.

ஒரு தொந்தரவு இருந்தது. யார் விரலால் தள்ளினாலும் அவளுக்கு அங்கே வீடு சுழன்றது. பாவம், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். குவார்ட்டர்ஸ்காரர்கள் விரலை மெல்ல வைக்கப் பழகிக்கொண்டார்கள், ஊருக்குள் குழந்தைகள் கையில் போனைக் கொடுக்கவில்லை. ஆனால் லிங்க் ஊருக்கு மட்டுமா சொந்தம்? எங்கெங்கோ இருந்து வீடு தேடுகிறவர்கள் சர்ரென்று தள்ளினார்கள். அவள் நிலையைப் பிடிக்கும்போதெல்லாம் சிகாமணி இங்கே டேபிளைப் பிடித்துக்கொண்டார்.

கம்பெனியில் நிவேதா என்று ஒரு பெண்தான் அந்த வீட்டைக் கவனித்துக்கொண்டாள். நல்ல பெண். "சார், எங்க டூர் படத்துல ஆளுங்க இருக்க மாட்டாங்க சார்" என்று ஆரம்பித்தவள், திறந்து பார்த்துவிட்டு, "ஆமா சார், இருக்காங்க" என்றாள். பிறகு, "ரொம்ப நீட்டா வெச்சிருக்காங்க சார்" என்றாள்.

"மத்தியானமா பார்த்து மறுபடி ஒரு படம் எடுத்துடும்மா. பன்னண்டே கால் ஆயிருந்தா போதும், அவளே வந்துடுவா."

"புதுசு ஏத்தினா பழசு அழிஞ்சிடும் சார். அம்மா பழசுலதானே இருக்காங்க."

"அப்ப இதையே வெச்சிரு. எடுக்காதே."

"வீடு விக்கற வரைக்கும் இருக்கும் சார். பத்திரம் பதிஞ்சுட்டா சிஸ்டமே எடுத்துடும், எங்க கையில இல்ல. நீங்களே வாங்கினாலும் அப்படித்தான்."

சிகாமணி இதைக் கேட்டு வைத்துக்கொண்டார். வாங்கினால் அவள் போய்விடுவாள், வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார், அப்போதும் போய்விடுவாள். அந்த வீடு விற்காமல் இருக்க வேண்டும், விற்பதற்குள் அவளை வெளியே கொண்டுவர வேண்டும், அவருக்கு இருந்த வேலை இது ஒன்றுதான்.

முதலில் கடிகாரத்தைத் தேடிப் போனார். நாலு மணி நேரம் பஸ்ஸில் நின்று கூடுவாஞ்சேரி போய், வாட்ச்மேனைப் பிடித்து, மூன்றாம் மாடி ஏறிக் கதவைத் திறந்தால் வீடு வெறுமையாக இருந்தது. தூசி படிந்து கிடந்தது. மேடையில் பால் சுவடில்லை, மாடத்தில் சாமி படமில்லை. கடிகாரம் மட்டும் அதே உயரத்தில் பேட்டரி தீர்ந்து ஏதோ ஒரு மணி காட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, புது பேட்டரி போட்டு, முள்ளைப் பன்னிரண்டே காலுக்குத் திருப்பினார், காலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளைத் தேடினார், அது எப்போதோ கிழிபட்டிருந்தது. அங்கேயே நின்று வாட்ச்மேன் போனிலிருந்து செங்கமலத்தைக் கூப்பிட்டு, "பார்த்துச் சொல்லும்மா, எழுந்துட்டாளா" என்று கேட்டார்.

"இல்லண்ணே. பதினொண்ணு பத்துதான். உட்கார்ந்துதான் இருக்காங்க."

வெறும் ஹாலில், அவள் உட்கார்ந்திருக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணி, அதற்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அவரும் உட்கார்ந்துவிட்டுப் பஸ் ஏறினார்.

ஆடி முதல் தேதி, யார் சொன்னதையும் கேட்காமல், தானே பால் வைத்துத் தானே போய் அழைத்து வருகிறேன் என்று நின்றார். பால் திரிந்துபோயிற்று. ஆடி இரண்டாம் தேதியும் திரிந்தது. மூன்றாம் தேதி பால்காரர், "ஆவணி பொறக்கட்டும் அண்ணே, நானே நல்ல பாலா கொண்டாறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஆவணியில் முதல் முகூர்த்தம் நாலாம் தேதி புதன்கிழமை, காலை பத்தே காலிலிருந்து பதினொன்றே கால் வரை. அதுவரைக்கும் வீடு விற்காமல் பார்த்துக்கொள்வது என்று குவார்ட்டர்ஸ் சேர்ந்து முடிவெடுத்தது.

ஐயோ, எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் தெரியுமா. நாற்பது குடும்பமும் முறை வைத்து வீடு வாங்குகிறவர்கள் மாதிரி கம்பெனிக்குப் போன் போட்டது. தண்ணீர் உப்பு என்றார்கள், தெருக்குத்து இருக்கிறது என்றார்கள், வாஸ்து தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார் என்றார்கள், மழைக்காலத்தில் லிஃப்ட் நிற்கும் என்றார்கள். கேட்ட நிவேதா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இந்தப் பக்கம் நாற்பது குடும்பம் வீட்டைக் கெடுத்துக்கொண்டே இருக்க, அந்தப் பக்கம் பூங்கோதை ஒருத்தி அதைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். சும்மா உட்கார அவளுக்கு வராது. காத்திருக்கிற ஐம்பது நிமிஷத்தை வீணாக்குவானேன் என்று கூட்டினாள், துடைத்தாள், ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள், வாசலுக்கு உள்பக்கமே அரிசி மாவில் சிக்குக் கோலம் போட்டாள். இருபத்தாறு வருஷம் கம்பெனிச் சுவரில் காட்ட முடியாத அருமையையெல்லாம் அந்தச் சுவரில் காட்டினாள். தரை பளபளத்தது. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒரு நாளைக்குப் பத்து விரல் தள்ளின இடத்தில் ஆயிரம் விரல் தள்ளியது.

"கொஞ்சம் அழுக்கா விட்டு வையேன் கோதை" என்று சிகாமணி போனைப் பார்த்துச் சொல்வார். "ஒரு நாள் பெருக்காம இரு. யாரு கேட்கப் போறா." அவள் துணியைப் பிழிந்து உதறுவாள்.

ஆடி பதினெட்டு தாண்டினதும் நிவேதா கூப்பிட்டாள். மடிப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிற ஒரு குடும்பம் வீட்டை முடிவு பண்ணிவிட்டது, முன்பணம் கொடுத்துவிட்டது, ஆடியாயிற்றே என்று பத்திரம் மட்டும் ஆவணிக்குத் தள்ளியிருக்கிறது. என்றைக்கு என்று சிகாமணி கேட்டார். நாலாம் தேதி புதன்கிழமை சார், முதல் முகூர்த்தம், பத்தே காலுக்கு டோக்கன் போட்டிருக்கிறார்கள் என்றாள். ஊரில் எல்லோருக்கும் ஒரே பஞ்சாங்கம்தானே.

கெஞ்சி நம்பர் வாங்கி அந்த அம்மாவுக்கே பேசினார். அவள் பெயர் திலகா, ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. சிகாமணிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "அம்மா, நீங்க வாங்கற வீட்டுக்குள்ள என் சம்சாரம் இருக்கா" என்றார்.

"தெரியுங்கய்யா" என்றாள் திலகா. "தினம் மத்தியானம் சாப்பிடற நேரத்துல அவங்களைத்தான் பார்ப்பேன். அந்த வீட்டைப் புடிச்சதே அவங்களால. பதினோரு வருஷத்துல ஆறு வீடு மாறியாச்சுங்கய்யா, ஒரு வீட்டையும் இப்படி வெச்சுக்க மனசு வரல, காலி பண்ணச் சொல்லிடுவாங்களேன்னு. அவங்களைப் பார்த்தப்பதான் நமக்கும் ஒரு வீடு வேணும்னு வந்துச்சு."

வாங்காதே என்று சொல்லத்தான் அவர் கூப்பிட்டார். "பதிவை ஒரு நாள் தள்ளிப் போடுவீங்களாம்மா" என்று மட்டும் கேட்டார்.

அவள் தன் கணவரிடம் கேட்டாள், அவர் பாங்க்கில் கேட்டார், பாங்க்கில் அன்றைக்குத்தான் காசோலை, தள்ளினால் மறுபடி முதலிலிருந்து என்றார்கள். சாயங்காலம் அவளே கூப்பிட்டுச் சொன்னாள். "நாங்க வர்றதுக்காக அவங்க போகணும்னு இல்லீங்கய்யா. இன்னொரு ரூம் சும்மாதான் கிடக்கும், இருக்கட்டும்."

"படம் போயிடுமேம்மா."

"படம் போனா என்னங்கய்யா, வீடு இருக்குமே."

ஒருவேளை அப்படித்தானோ, படம் போனால் அவள் அந்த வீட்டிலேயே இறங்கிவிடுவாளோ என்று சிகாமணிக்கு ஒரு நினைப்பு வந்தது, வந்ததை விரட்ட அவருக்கு மனமில்லை.

ஆவணி நாலாம் தேதி பதினேழாம் நம்பர் சமையலறையில் நிற்க இடமில்லை. பால்காரர் சொன்னபடி கறந்த பாலாகக் கொண்டுவந்திருந்தார். சிகாமணி வேட்டி மாற்றி, விபூதி பூசி, தாம்பாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, போனுக்கு நேராக நின்றார். உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்: எதையும் பேசக்கூடாது, கடிகாரத்தைப் பார்க்கவிடக்கூடாது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், ராகு காலத்தின் பாவம் தன்னோடு போகட்டும். பத்தே காலுக்கு அடுப்பைப் பற்ற வைத்தார்கள். பால் சுட்டது, ஓரத்தில் நுரை கூடியது, மெல்ல மேலே வந்தது. அங்கே பூங்கோதை எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

பால் விளிம்புக்கு வர இன்னும் ஒரு விரற்கடை இருந்தது. போனில் வாசல் மறைந்து, இந்த வீடு விற்கப்பட்டுவிட்டது, இதே போன்ற வேறு வீடுகளைக் கீழே பார்க்கலாம் என்று வந்தது. கீழே வரிசையாக வீடுகள் வந்தன, ஒவ்வொன்றிலும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஒன்றிலும் ஆள் இல்லை.

சிகாமணி அப்போதும் வலது காலை எடுத்து வைத்தார். பெருவிரல் சுவரில் இடித்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது, செங்கமலம் கேஸை மூடினாள், ஒவ்வொருவராக வெளியே போய்த் தெருவில் நின்றுகொண்டார்கள். அவர் அந்தப் போனைத் தொட்டு, கீழே இருந்த வீடுகளை முதலிலிருந்து திறந்து பார்க்க ஆரம்பித்தார், ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு வட்டமாக, விரலை மெல்ல வைத்து. அடுத்த பத்து நாளும் அதைத்தான் செய்தார்.

பதினோராம் நாள் திலகா வீட்டில் கிரகப்பிரவேசம். கட்டாயம் வர வேண்டும் என்று அவளும் வீட்டுக்காரரும் தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தார்கள். செங்கமலம் வேண்டாம் என்றுதான் சொன்னாள், அவர் போய்த்தான் ஆவேன் என்றதும் அவளும் கூடவே கிளம்பினாள். வாசலில் மாவிலை கட்டியிருந்தது, ஹோமப் புகை படிக்கட்டு வரை வந்தது. "வாங்கய்யா, வாங்க" என்று திலகா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். ஒல்லியாக, பட்டுப் புடவையில், காலையிலிருந்து நின்றதில் களைத்துப்போய் இருந்தாள். சிகாமணி தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் சுற்றிப் பார்க்கத்தானே வந்திருந்தார்கள், அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஹாலைப் பார்த்தார், இரண்டு படுக்கையறைகளைப் பார்த்தார், கதவுகளுக்குப் பின்னால் பார்த்தார், பால்கனியில் போய் நின்றார், சமையலறையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தார். புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. கடிகாரம் இருந்த இடத்தில் அவர்கள் வேறொன்று மாட்டியிருந்தார்கள், அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்று பத்து வந்தது, பதினொன்று பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் அடித்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். வடை, பாயசம் எல்லாம் இருந்தது, அவரும் ஒன்றும் மீதம் வைக்கவில்லை, சாப்பாட்டை மீதம் வைத்தால் வீட்டுக்காரர்கள் மனம் வருத்தப்படும். கை கழுவிவிட்டுக் கிளம்பினபோது திலகா வாசலில் தாம்பூலப் பைகளோடு நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்துக் கையும் வாயும் ஒன்றாகப் பழகியிருந்தன. செங்கமலத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் பையைக் கொடுத்தாள். அடுத்த பையை எடுத்து, அதில் தேங்காயும் மஞ்சள் குங்குமமும் ரவிக்கைத் துணியும் இருக்கிறதா என்று பார்த்து, சிகாமணியிடம் நீட்டி, தனியாக வந்த ஆண்களுக்கெல்லாம் சொன்ன மாதிரியே, "வீட்ல அக்காகிட்ட குடுத்துடுங்கய்யா" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நீட்டின கை அப்படியே நின்றது. கொடுத்த மஞ்சள் குங்குமத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிற வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை, அவளும் எடுக்கவில்லை.

சிகாமணி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டார்.

"குடுத்துடறேம்மா" என்றார்.